‘எனக்கு’, ‘என்னிடம்’, ‘என்னுடைய’: உடைமையைக் கற்பிக்கும் வழி

ஆறாம் வகுப்பு ஆங்கிலக் கட்டுரை ஏடுகளைத் திருத்தும்போது ஆண்டுதோறும் சில வாக்கியங்கள் தவறாமல் கண்ணில் படும். ‘டூ மீ டூ பிரதர்ஸ் ஆர் தேர்’, ‘மை ஹவுஸ் இஸ் டூ கவ்’, ‘ஐ ஆம் நோ பென்’, ‘ஐ ஹேவ் டென் இயர்ஸ்’. எருமப்பட்டிப் பகுதிப் பிள்ளைகள் மட்டும் இப்படி எழுதுவதில்லை. பயிற்சி வகுப்புகளில் சந்திக்கும் பிற ஒன்றியத்து ஆசிரியர்களும் இதே வாக்கியங்களைச் சொல்கிறார்கள். ஒரே தவறு எல்லா ஊரிலும் வருகிறது என்றால் கவனக்குறைவை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. அதற்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும்.

அந்த ஒழுங்கு நம் தாய்மொழியில் இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘ஹேவ்’ என்னும் வினைச்சொல்லுக்கு நேரான வினைச்சொல் அன்றாடத் தமிழில் கிடையாது. ‘பெற்றிருக்கிறேன்’, ‘வைத்திருக்கிறேன்’, ‘கொண்டுள்ளது’ என்றெல்லாம் எழுதலாம். ஆனால் எந்தக் குழந்தையும் ‘நான் இரண்டு அண்ணன்களைப் பெற்றிருக்கிறேன்’ என்று பேசாது. ‘எனக்கு ரெண்டு அண்ணன் இருக்காங்க’ என்றுதான் பேசும். அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் கிடைப்பது ‘டூ மீ டூ பிரதர்ஸ் ஆர் தேர்’. அப்படி எழுதிய பிள்ளை தமிழ் இலக்கணத்தில் தவறவில்லை. அதை ஆங்கிலத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லித் தருவது நம் வேலை.

தமிழின் நான்கு வழிகள்

ஆங்கிலம் ‘ஹேவ்’ என்ற ஒரே சொல்லால் சொல்வதைத் தமிழ் பிரித்துப் பிரித்துச் சொல்கிறது. வகுப்பில் முதலில் ஆங்கிலத்தைத் தொடாமல், பிள்ளைகளின் பேச்சிலிருந்தே வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதச் சொல்வேன். சிறிது நேரத்தில் அவை நான்கு கூட்டமாகப் பிரிந்துவிடும்.

முதல் கூட்டம் ‘எனக்கு’. எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். எனக்குக் காய்ச்சல் இருக்கிறது. தாத்தாவுக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. உறவு, உடல்நிலை, நிலையான சொத்து ஆகியவை இதில் வரும்.

இரண்டாவது ‘என்னிடம்’. என்னிடம் பேனா இருக்கிறது. டிரைவரிடம் சாவி இருக்கிறது. இப்போது கையில் இருப்பதை இது சொல்கிறது. அந்தப் பொருள் அவருக்கே உரியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ‘என்கிட்ட அவன் பேனா இருக்கு’ என்று பிள்ளைகள் இயல்பாகச் சொல்வார்கள். ஆனால் ‘என்னிடம் ஒரு தங்கை இருக்கிறாள்’ என்று எழுதிப் போட்டால் வகுப்பே சிரிக்கும். ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டால், ‘தங்கச்சி என்ன பேனாவா டீச்சர்?’ என்று பதில் வரும். ஓர் இலக்கண விதியைப் பிள்ளை தானே கண்டுபிடித்துச் சொல்லும் இடம் அது.

மூன்றாவது, ஒரு முழுப்பொருளும் அதன் உறுப்பும். லாரிக்குப் பத்துச் சக்கரம். கோழிக்கு இரண்டு கால். எங்கள் வகுப்பறையில் நான்கு சன்னல் இருக்கிறது. ‘கு’வும் ‘இல்’லும் இங்கே மாறி மாறி வரும். 

நான்காவது ‘உடைய’. இது என்னுடைய பை. பேச்சில் ‘என்னோட’ என்றும் கொங்குப் பக்கத்தில் ‘எம்பட’ என்றும் வரும். முதல் மூன்றும் ‘இருக்கிறது’ என்று செய்தி சொல்கின்றன. நான்காவது ‘யாருடையது’ என்று உரிமை சொல்கிறது. ஆங்கிலத்தில் முதல் மூன்றுக்கும் ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’. நான்காவதற்கு ‘மை’, ‘மைன்’, அல்லது பெயரோடு அப்பாஸ்ட்ரபி எஸ். இந்த ஒரு வரைபடம் பிடிபட்டாலே மேலே சொன்ன பிழைகளில் பெரும்பகுதி குறைந்துவிடுகிறது.

நம் இலக்கணம் ஏற்கெனவே பிரித்து வைத்தது

இந்தப் பிரிவுகள் புதியவை அல்ல. ஆறாம் வேற்றுமையின் பொருள் கிழமை, அதாவது உடைமை. பவணந்தி முனிவரின் நன்னூல் அதைத் தற்கிழமை, பிறிதின் கிழமை என்று இரண்டாகப் பிரிக்கிறது. தன்னிலிருந்து பிரிக்க முடியாதது தற்கிழமை: என் கை, குயிலின் கருமை, நெல்லின் குவியல், மஞ்சளின் பொடி. பிரித்து வேறொருவருக்குக் கொடுக்கக்கூடிய, அல்லது தன்னின் வேறான உடைமை பிறிதின் கிழமை: என் பை, அவர் தோட்டம், மன்னனின் காலம். இன்றைய மொழியியலாளர்கள் உலக மொழிகளை ஆராயும்போதும் பிரிக்க இயலும் உடைமை, பிரிக்க இயலா உடைமை என்றே பேசுகிறார்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. ஆறாம் வேற்றுமைக்கு அது, ஆது, அ என்று மூன்று உருபுகள். அதுவும் ஆதுவும் உடைமைப்பொருள் ஒன்றாக இருக்கும்போது வரும்: எனது கை, எனாது கை. பொருள் பலவானால் ‘அ’ வரும்: என கைகள். இன்று ‘எனது கைகள்’ என்றே எல்லோரும் எழுதுகிறோம். ‘அ’ உருபு வழக்கில் இல்லை. எனினும் உடைமையைக் குறிக்கும் சொல், உடைமைப்பொருளின் எண்ணிக்கையைப் பார்த்து மாறியது என்ற செய்தியை நினைவில் வைப்போம். கீழே அது உதவும்.

உடைமையாக வருவது உயர்திணைப் பெயரானால் ‘அது’ பொருந்தாது என்பதும் மரபு. ‘எனது மகன்’ என்று அழைப்பிதழ்களில் அச்சடிக்கிறோம். ‘என் மகன்’ என்பதே மரபுக்கு ஏற்றது. அந்தத் தொகையை விரிக்கும்போது ‘அது’ உருபு கெட்டு அங்கே ‘கு’ வரும் என்கிறது தொல்காப்பியம். அதாவது ‘சாத்தன் மகன்’ என்பது ‘சாத்தனுக்கு மகன்’ என்று விரியும். ‘எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள்’ என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லும்போது அதே ‘கு’வைத்தான் பயன்படுத்துகிறது. ஆட்களைப் பொருள்போல ‘உடைமை’ என்று சொல்ல நம் மொழி தயங்குகிறது. இதைத் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து ஒரு பாடவேளையில் நடத்தினால், இரண்டு பாடங்களுக்கும் பயன் கிடைக்கும்.

‘எனக்கு’ எல்லாம் ‘ஹேவ்’ அல்ல

நான்கு கூட்டங்களைச் சொல்லிக்கொடுத்ததும் ஒரு புதுப் பிழை தலைகாட்டும். ‘எனக்கு’ என்று வந்தாலே ‘ஐ ஹேவ்’ போடத் தொடங்குவார்கள். ‘எனக்குத் தெரியும்’ என்பது ‘ஐ ஹேவ் நோ’ ஆகிவிடும். அதனால் அடுத்த நாளே இந்தச் சிறு சோதனையைச் சொல்லிவிடுவது நல்லது.

‘எனக்கு’ என்பதை அடுத்து ஒரு பெயரும் ‘இருக்கிறது’ அல்லது ‘உண்டு’ என்பதும் வந்தால் ‘ஹேவ்’ போடலாம். எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள்: ‘ஐ ஹேவ் எ சிஸ்டர்’. வேறு வினைச்சொல் வந்தால் அந்த வினையையே போட வேண்டும். எனக்குத் தெரியும்: ‘ஐ நோ’. எனக்கு மாம்பழம் பிடிக்கும்: ‘ஐ லைக் மேங்கோஸ்’. பசி, வயது இரண்டும் தனி. எனக்குப் பசிக்கிறது: ‘ஐ ஆம் ஹங்ரி’. எனக்குப் பதினொரு வயது: ‘ஐ ஆம் லெவன்’.

‘இல்லை’யும் தனியாகப் பயிற்சி தர வேண்டியது. ‘என்னிடம் பேனா இல்லை’ என்பதில் ‘இல்லை’ ஒரே சொல். ஆங்கிலத்தில் ‘டூ நாட் ஹேவ்’ என்று மூன்று சொல் வேண்டும். ‘ஹி’, ‘ஷி’, ‘இட்’ வந்தால் ‘டஸ் நாட் ஹேவ்’. ‘டஸ்’ வந்துவிட்டதால் ‘ஹேஸ்’ மீண்டும் ‘ஹேவ்’ ஆகிவிடும் என்பதை ஒரு நாளில் சொல்லி முடிக்காமல் ஒரு வாரம் வாய்மொழியாகப் பழக்குவது பயன் தருகிறது.

ஸ்பானிஷ் காட்டும் கண்ணாடி

நம் பள்ளிகளில் ஸ்பானிஷ் பாடம் இல்லை. இருந்தாலும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் பத்து நிமிடம் அந்த மொழியைத் தொட்டுக் காட்டுவேன். கால்பந்து பார்க்கும் பிள்ளைகளுக்கு மெஸ்ஸியின் தாய்மொழி என்று சொன்னாலே போதும், நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆங்கிலத்தில் ஒன்று ஒரு விதமாகவும் தமிழில் வேறு விதமாகவும் இருந்தால், ஆங்கிலம்தான் முறை, தமிழ் அதற்குக் குறைவு என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள். மூன்றாவதாக ஒரு மொழியைப் பக்கத்தில் வைத்தால் அந்த எண்ணம் தானே கழன்றுவிடுகிறது. நான் இதைச் செய்வதற்குக் காரணம் அதுதான்.

ஸ்பானிஷில் ‘மி லிப்ரோ’ என்றால் என் புத்தகம். புத்தகங்கள் பலவானால் ‘மிஸ் லிப்ரோஸ்’. ‘என்’ என்னும் சொல்லே பன்மை ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் ‘மை புக்’, ‘மை புக்ஸ்’ இரண்டிலும் ‘மை’ மாறுவதில்லை. நம் பழைய இலக்கணத்தின் ‘எனது கை, என கைகள்’ என்பதையும் ஸ்பானிஷையும் அருகருகே எழுதினால் பிள்ளைகளே ஒற்றுமையைச் சொல்லிவிடுவார்கள்.

‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதை ஆங்கிலத்தில் ‘மை ஹெட் ஏக்ஸ்’ அல்லது ‘ஐ ஹேவ் எ ஹெடேக்’ என்கிறோம். ஸ்பானிஷில் ‘மே துவெலெ லா கபேசா’. ‘மே’ எனக்கு, ‘துவெலெ’ வலிக்கிறது, ‘லா கபேசா’ தலை. ‘என் தலை’ என்று சொல்லவில்லை. வலி எனக்கு என்று சொன்ன பிறகு தலை யாருடையது என்று தனியாகச் சொல்வானேன்? தமிழும் அப்படித்தான் நினைக்கிறது. தற்கிழமைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

எல்லா இடத்திலும் ஸ்பானிஷ் தமிழோடு நிற்பதில்லை. ‘தெனேர்’ என்று ‘ஹேவ்’ போன்ற வினைச்சொல் அதற்கு உண்டு. ‘தெங்கோ தோஸ் எர்மானோஸ்’ என்றால் எனக்கு இரண்டு சகோதரர்கள் இருக்கிறார்கள். அந்த வினையை வயதுக்கும் பசிக்கும்கூடப் பயன்படுத்துகிறார்கள். ‘தெங்கோ தியெஸ் ஆன்யோஸ்’ என்பது ‘எனக்குப் பத்து வயது’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘ஐ ஹேவ் டென் இயர்ஸ்’! நம் பிள்ளை எழுதி நாம் சிவப்பு மையில் சுழித்த அதே வாக்கியம். ஆங்கிலத்தில் அது பிழை, ஸ்பானிஷில் அதுவே முறை. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வழி இருக்கிறது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கும் இந்த ஒப்பீட்டில் இடம் உண்டு. தெலுங்கு பேசும் பிள்ளையிடம் கேட்டால், தம்பிக்கு ‘நாகு’ என்றும் புத்தகத்துக்கு ‘நா தக்கர’ என்றும் சொல்லும். நம் ‘எனக்கு’, ‘என்னிடம்’ போலவே. கோழிப்பண்ணைகளில் வேலை செய்யும் வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளை, இந்தியில் ‘மேரே பாஸ் கிதாப் ஹை’ என்று சொல்லும். என் அருகில் புத்தகம் இருக்கிறது என்பது அதன் நேர்ப்பொருள். வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளை, இந்தப் பாடவேளையில் மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் இடத்துக்கு வந்துவிடுகிறது.

அப்பாஸ்ட்ரபி எஸ் நமக்கு உறவு

‘கவிதாஸ் புக்’ என்பதில் உடையவர் முன்னே, ஒட்டு நடுவே, பொருள் பின்னே. ‘கவிதாவின் புத்தகம்’ என்பதும் அதே வரிசை. ஆங்கிலத்தின் அந்த எஸ், பழைய ஆங்கிலத்தில் இருந்த வேற்றுமை உருபு ஒன்றின் எச்சம்தான். அதனால் ‘இன்’ போடும் இடத்தில் அப்பாஸ்ட்ரபி எஸ் என்று முதலில் இதைக் கற்பித்தால் எளிதில் பிடித்துக்கொள்வார்கள். ‘ஆஃப்’ பிறகு வரட்டும். ‘த டோர் ஆஃப் த ஹவுஸ்’ என்பதில் வரிசை தலைகீழ். வாக்கியத்தைக் கடைசியிலிருந்து படித்தால் ‘வீட்டின் கதவு’ கிடைக்கும் என்று சொன்னால் போதும். ஸ்பானிஷில் இந்தத் தலைகீழ் வரிசை ஒன்றுதான் உண்டு. ‘எல் லிப்ரோ தே மரியா’ என்றால் மரியாவின் புத்தகம்.

தமிழ் துல்லியமாக இருக்கும் இரண்டு இடங்களையும் விட்டுவிடக் கூடாது. ஆங்கிலத்தில் ‘அவர் ஸ்கூல்’ என்றால் ‘நம் பள்ளி’யா, ‘எங்கள் பள்ளி’யா என்று தெரியாது. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நம்’, சேர்க்காவிட்டால் ‘எங்கள்’. ஸ்பானிஷிலும் இந்த வேறுபாடு இல்லை. அதே நேரத்தில் ஒற்றைப் பிள்ளைகூட ‘எங்க அம்மா’ என்றுதான் சொல்லும். அதை ‘அவர் மதர்’ என்று எழுதாமல் ‘மை மதர்’ என்று எழுதப் பழக்க வேண்டும்.

இரண்டாவது ‘தன்’. ‘ரவி முருகனிடம் தன் சைக்கிளைக் கொடுத்தான்’ என்றால் சைக்கிள் ரவியுடையது. ‘அவனுடைய சைக்கிளை’ என்றால் ஐயம் வருகிறது. ஆங்கில ‘ஹிஸ்’ஸில் அந்த ஐயம் எப்போதும் உண்டு. ஸ்பானிஷின் ‘சு’ இன்னும் அகலம். அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய, மரியாதையாக ‘உங்களுடைய’ எல்லாம் அதில் அடங்கும். நம் பிள்ளைகளின் எழுத்தில் ‘தன்’ குறைந்து வருகிறது. ஆங்கிலப் பாடத்தில் இந்த ஒப்பீட்டைச் செய்யும்போது தமிழ்ப் பாடத்துக்கும் அதை மீட்டுத் தருகிறோம்.

உடைமைப் பாடமும் பிள்ளையின் வீடும்

இலக்கணத்தை விட எனக்கு முக்கியமாகப் படுவது இனிச் சொல்வது. ‘ஹேவ்’ பாடத்துக்கான வழக்கமான பயிற்சி, ‘உன்னிடம் என்னென்ன இருக்கின்றன? ஐந்து வாக்கியம் எழுது’ என்பதுதான். ஒரு பிள்ளை சைக்கிள், கைக்கடிகாரம், டேப்லெட் என்று எழுதும். பக்கத்துப் பிள்ளை பென்சிலோடு நின்றுவிடும். எழுந்து படிக்கச் சொன்னால் அது இலக்கணப் பயிற்சியாக இருக்காது, வீட்டுக்கு வீடு எடுக்கும் கணக்கெடுப்பாகிவிடும். 

குடும்பம் பற்றிய பத்தியும் அப்படித்தான். ஒரு மாணவி எல்லா வரியையும் நிரப்பி, ‘மை ஃபாதர்’ என்ற வரியை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள். ஆங்கிலம் தெரியாததால் விட்ட வரி அல்ல அது. ‘எனக்கு அப்பா இல்லை’ என்பதை ‘ஐ டூ நாட் ஹேவ் எ ஃபாதர்’ என்று மாற்றிக் கொடுத்தால் இலக்கணம் சரியாக இருக்கும். பேனா இல்லை என்பதற்கும் அப்பா இல்லை என்பதற்கும் ஒரே வாக்கியம். அவளுக்கு ‘ஐ லிவ் வித் மை மதர் அண்ட் கிராண்ட்மதர்’ என்ற வாக்கியத்தைக் காட்டினேன். இருப்பவர்களைப் பற்றி எழுத அவளுக்கு நிறைய இருந்தது. அந்த வாக்கியத்தைப் பிறகு எல்லோருக்கும் உரிய மாதிரியாகவே கரும்பலகையில் எழுதத் தொடங்கினேன். யாருக்கு அது தேவைப்பட்டது என்று வகுப்புக்குத் தெரிய வேண்டியதில்லை.

பயிற்சிகளை அமைக்கும்போது நான் பின்பற்றும் சில வழிகளை இங்கே தருகிறேன். உங்கள் வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

1. தொடக்கப் பயிற்சி எல்லாருக்கும் பொதுவானதைப் பற்றி இருக்கட்டும். ‘வி ஹேவ் ஃபோர் விண்டோஸ்’, ‘எ ஹென் ஹேஸ் டூ லெக்ஸ்’, ‘த கொல்லி ஹில்ஸ் ரோடு ஹேஸ் செவன்டி பெண்ட்ஸ்’. மலைப்பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஆகாய கங்கை அருவியும் வகுப்பில் எல்லாருக்கும் சொந்தம்.

2. ‘என்னிடம்’ பயிற்சிக்குப் பொருள்களை ஆசிரியரே கொடுங்கள். புளியங்கொட்டை, சுண்ணக்கட்டி, இலை, பொத்தான் என்று ஆளுக்கொன்று. ‘வாட் டூ யூ ஹேவ்?’ என்று கேட்டுக் கைமாற்றிக்கொண்டே போகலாம். எல்லாரும் சமமாகத் தொடங்குகிறார்கள். ‘ஐ டோன்ட் ஹேவ் எ லீஃப்’ என்று சொல்வதில் யாருக்கும் வருத்தம் இல்லை.

3. அதே விளையாட்டில் ‘ஹூஸ் இஸ் திஸ்?’ என்று கேட்டால் ‘இட் இஸ் கவிதாஸ்’, ‘இட் இஸ் மைன்’ என்று நான்காம் கூட்டமும் வந்துவிடும். கையில் இருப்பது வேறு, உரிமை வேறு என்பது விளையாட்டிலேயே தெளிவாகும்.

4. தொடக்க வகுப்புகளில் எழுத்துக்கு முன் இரண்டு வாரம் வாய்மொழி. பிள்ளை தமிழில் ஒரு வாக்கியம் சொல்ல, மற்றவர்கள் அது எந்தக் கூட்டம் என்று விரலைக் காட்டட்டும். ஒன்றா, இரண்டா, மூன்றா, நான்கா? பிறகு ஆங்கிலம்.

5. குடும்பம் பற்றி எழுதும்போது ‘ஐ லிவ் வித்’ என்பதை முதல் வாக்கியமாக வையுங்கள். யாரோடு வாழ்கிறேன் என்று ஒவ்வொரு பிள்ளையும் சொல்ல முடியும்.

6. திருத்தும்போது ‘டூ மீ’ என்று கண்டால் சுழித்துவிட்டுப் போகாமல், ஓரத்தில் ‘எனக்கு = ஐ ஹேவ்’ என்று சிறிதாக எழுதுங்கள். பிழை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பிள்ளை அடுத்த முறை தானே பார்த்துக்கொள்ளும்.

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் ஆங்கிலம் வராது என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். இந்தப் பாடத்தைப் பொறுத்தவரை என் அனுபவம் வேறு. ‘எனக்கு’ம் ‘என்னிடம்’மும் எங்கே பிரிகின்றன என்று தமிழில் யோசித்த பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் அவை ஏன் சேர்கின்றன என்பது விரைவில் புரிகிறது. அதற்கு ஆகும் செலவு ஒரு பாடவேளை, ஒரு கரும்பலகை, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை. வரும் பருவத்தில் உங்கள் வகுப்பில் செய்து பாருங்கள். தமிழாசிரியரையும் கூடவே அழைத்துக்கொள்ளுங்கள்.